மோசே சொன்ன தீட்டு வேறு, அழுக்கு வேறு

ஒரு சகோதரர் கேட்டிருக்கும் கேள்வி இது. மோசேயின் சட்டத்திலுள்ள சுத்த விதிகள், கிருமிகளை மருத்துவம் கண்டறிவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கர்த்தர் கொடுத்த சுகாதாரப் பாடம் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டாராம். அப்படியென்றால், கழுவாத கையோடு சாப்பிடுவது மனுஷனைத் தீட்டுப்படுத்தாது என்று இயேசு எப்படிச் சொன்னார்? கிறிஸ்தவனுக்கு உடல் சுத்தம் விசுவாசத்தில் சேர்ந்ததா, சேராததா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேவியராகமம் பேசும் தீட்டு அழுக்கும் அல்ல, நோயும் அல்ல, பாவமும் அல்ல. இந்த மூன்றோடும் அதைப் போட்டுக் குழப்பியதால்தான் பெண்களும் தொழுநோயாளிகளும் கிறிஸ்தவ சபைகளிலேயே காயப்பட்டிருக்கிறார்கள். கிறிஸ்தவன் கைகழுவ வேண்டும். ஆனால் அதற்கான காரணத்தை லேவியராகமம் 15இல் தேடக்கூடாது. அதே புத்தகத்தின் 19ஆம் அதிகாரத்தில், பிறனையும் தன்னைப்போல நேசிக்கச் சொல்லும் 18ஆம் வசனத்தில்தான் அது இருக்கிறது.

தீட்டு பாவமல்ல என்பதற்குச் சட்டமே சாட்சி. பிணத்தைத் தொட்டவன் ஏழு நாள் தீட்டுப்பட்டிருப்பான் என்கிறது எண்ணாகமம் 19. ஆனால் இறந்தவரை அடக்கம் செய்வது கடமை. மரத்தில் தூக்கப்பட்ட குற்றவாளியைக்கூட அன்றைக்கே அடக்கம்பண்ணச் சொல்கிறது உபாகமம் 21. தகப்பனை அடக்கம் செய்கிற மகன் கட்டளையைக் கைக்கொள்ளும் அதே நேரத்தில் தீட்டுப்படுகிறான். கணவனும் மனைவியும் கூடினால் இருவரும் சாயங்காலமட்டும் தீட்டுப்பட்டிருப்பார்கள். பலுகிப் பெருகுங்கள் என்று ஆசீர்வதித்தவரே அதையும் சொன்னார். பிள்ளை பெற்ற தாய்க்கும் தீட்டுக்காலம் உண்டு. மரியாள் அந்த நாட்களை முடித்துத்தான் எருசலேமுக்கு வந்து, ஏழைகளுக்கு அனுமதிக்கப்பட்ட பறவைக் காணிக்கையைச் செலுத்தினாள் என்று லூக்கா எழுதுகிறார். இயேசுவைப் பெற்றது பாவமா என்ன?

பட்டியலைச் சேர்த்துப் பாருங்கள்: பிணம், இரத்தம், விந்து, பிரசவம், உரிந்து வெளுக்கும் தோல். எல்லாமே உயிரும் சாவும் மனித உடலில் உரசிக்கொள்ளும் இடங்கள். லேவியராகமத்துக்கு மிக விரிவான உரை எழுதிய யூத அறிஞர் ஜேக்கப் மில்க்ரோம் இந்த இழையைத்தான் பிடித்தார். ஜீவனுள்ள தேவன் வாசம்பண்ணும் கூடாரத்துக்குள் சாவின் சாயலைக் கொண்டுவராதே என்பதே விதியின் உள்ளர்த்தம் என்றார். எனக்கு இது சரியாகவே படுகிறது, ஏனென்றால் வேதமே அந்தக் காரணத்தைச் சொல்கிறது. உடற்கழிவுகளைப் பற்றிய நீண்ட அதிகாரம் முடியும் இடத்தில், லேவியராகமம் 15:31, ஜனங்கள் தங்கள் நடுவே இருக்கிற வாசஸ்தலத்தைத் தீட்டுப்படுத்திச் சாகாதபடிக்கு என்கிறது. வியாதி வராதபடிக்கு என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. தீட்டுப்பட்டவன் பரிசுத்த ஸ்தலத்துக்குப் போகக்கூடாது, பலியின் மாமிசத்தைச் சாப்பிடக்கூடாது. பெரும்பாலான தீட்டுகளுக்குக் குளித்துவிட்டுச் சூரியன் மறையக் காத்திருந்தால் போதும், அவ்வளவே.

இதைக் கண்ணெதிரே பார்க்க வேண்டுமானால் 13, 14ஆம் அதிகாரங்களை நிதானமாக வாசியுங்கள். தோலில் தடிப்போ வெள்ளைப் படரோ தோன்றியவனை ஆசாரியனிடம் கூட்டிவருகிறார்கள். ஆசாரியன் மருந்து கொடுப்பதில்லை, பார்க்கிறான். ரோமம் வெளுத்திருக்கிறதா, அந்த இடம் தோலைவிடப் பள்ளமாயிருக்கிறதா என்று கவனிக்கிறான். சந்தேகமென்றால் ஏழு நாள் அடைத்துவைத்து மறுபடி பார்க்கிறான், தேவைப்பட்டால் இன்னும் ஏழு நாள். இதுவரை வாசித்துவிட்டு, இதோ தனிமைப்படுத்தல், இதோ மருத்துவம் என்று நம் பிரசங்கிகள் நிறுத்திவிடுகிறார்கள். அடுத்ததையும் வாசிக்க வேண்டும். தலைமுதல் கால்வரை முழு உடம்பும் வெளுத்துப்போனவனை ஆசாரியன் சுத்தமுள்ளவன் என்று தீர்க்கிறான் (13:12-13). தொற்றுக்குப் பயந்து எழுதிய விதியானால் இப்படி இருக்குமா?

வீட்டுச் சுவரில் பச்சையும் சிவப்புமாகப் படர்ந்தால் என்ன செய்வது என்பது 14ஆம் அதிகாரத்தில் வருகிறது. ஆசாரியன் வந்து பார்ப்பதற்கு முன்பே வீட்டிலுள்ள சாமான்களை வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும், அவையும் தீட்டென்று தீர்க்கப்படாதபடிக்கு (14:36). நோய் பரவும் என்று நினைத்திருந்தால் சட்டி, பாய், துணியையெல்லாம் தெருவுக்குக் கொண்டுவரச் சொல்வார்களா? ஆசாரியன் தன் வாயால் தீட்டு என்று சொல்லும்வரை அந்தச் சட்டி தீட்டல்ல. ஏழையின் நாலு பாத்திரம் வீணாகக்கூடாது என்ற கர்த்தருடைய கரிசனையை யூத ரபீக்கள் இதில் கண்டார்கள். அவர்களுடைய சட்ட விளக்கத் தொகுப்பான மிஷ்னா இன்னும் ஒரு படி போகிறது: புது மாப்பிள்ளைக்குத் தோலில் அடையாளம் தெரிந்தால், கல்யாண விருந்தின் ஏழு நாளும் முடியும்வரை அவனைச் சோதிக்காமல் விடலாம், பண்டிகை நாட்களிலும் அப்படியே. தொற்றுநோய் என்று எண்ணியவர்கள் ஒருவனைக் கல்யாணப் பந்தலில் ஏழு நாள் உட்காரவைக்க மாட்டார்கள்.

ஆகவே நம் வேதாகமத்தில் குஷ்டம் என்று வருவதும் இன்று மருத்துவர் தொழுநோய் என்பதும் ஒன்றல்ல. துணிக்கும் சுவருக்கும் தொழுநோய் வராது. நார்வே நாட்டின் பெர்கன் நகரில் 1873இல் ஹான்சன் கண்டறிந்த கிருமியால் வருவது அது. இன்று கூட்டு மருந்துச் சிகிச்சையால் முழுமையாகக் குணமாகிறது. இந்த இரண்டையும் ஒன்றாக்கியதற்குக் கொடுத்த விலை பெரிது. நரம்பு மரத்த ஒரு மனுஷனை, ‘தீட்டு, தீட்டு’ என்று சத்தமிட வேண்டிய வசனத்துக்குள் தள்ளி, ஊருக்கு வெளியே உட்காரவைத்தோம். நோயோடு சாபமும் அவன்மேல் ஏறியது.

பன்றி மாமிசத்துக்கும் இதே கதைதான். இடைக்கால யூத மருத்துவரும் தத்துவஞானியுமான மைமோனிடஸ், விலக்கப்பட்ட உணவுகள் உடலுக்குக் கேடானவை என்று எழுதினார். அவருக்குப் பின் வந்த அபர்பனேல் அதை ஏற்கவில்லை: பன்றி தின்னும் ஜாதிகள் நம்மைச் சுற்றிச் சுகமாகத்தானே வாழ்கிறார்கள், தேவனுடைய சட்டம் ஒரு சிறிய மருத்துவப் புத்தகமா என்று கேட்டார். என் மனம் அபர்பனேல் பக்கம். பன்றியில் வரும் டிரிக்கினெல்லா புழுவைச் சொல்வார்கள். அது மனித உடலில் கண்டுபிடிக்கப்பட்டதே 1835இல்தான். சாப்பிட்ட பல நாட்களுக்குப் பிறகு வரும் காய்ச்சலையும் தசைவலியையும் அந்தச் சாப்பாட்டோடு முடிச்சுப்போடப் பழங்காலத்தவருக்கு வழியில்லை. கர்த்தருக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். ஆனால் சுகாதாரம்தான் நோக்கமென்றால், விஷச் செடிகளைப் பற்றி லேவியராகமம் 11இல் ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டும். அதில் தாவரம் எதுவுமே விலக்கப்படவில்லை. தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்பதும் இல்லை.

பிரசங்கங்களில் வரும் வலுவான வாதம் செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவரின் கதை. 1847இல் வியன்னா மருத்துவமனையில் மருத்துவர்களும் மாணவர்களும் பிணஅறையில் வேலை செய்துவிட்டு அப்படியே பிரசவ வார்டுக்குப் போனார்கள், தாய்மார்கள் ஜன்னி கண்டு செத்தார்கள். அவர்களைச் செம்மல்வெய்ஸ் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவ வைத்ததும் சாவு சட்டென்று குறைந்தது. பிணத்தைத் தொட்டவன் சுத்திகரிக்கப்பட வேண்டும் என்று மோசே அன்றைக்கே சொன்னாரே என்பது வாதம். ஆனால் எண்ணாகமம் 19இல் நடப்பதைப் பாருங்கள். பழுதற்ற சிவப்புக் கிடாரியைச் சுட்டெரித்த சாம்பலை ஊற்றுநீரில் கலந்து, ஈசோப்புச் செடியைத் தோய்த்து, மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் தெளிக்கிறார்கள். தெளித்தவன் தன் வஸ்திரத்தைத் தோய்க்க வேண்டும். அந்தத் தண்ணீரைத் தொட்டவனும் மாலைவரை தீட்டு (19:21). கிருமிநாசினியானால் தொட்டவனை அது எப்படித் தீட்டாக்கும்? தொட்ட கையை அப்போதே தேய்த்துக் கழுவு என்ற கட்டளையும் அங்கே இல்லை. தீட்டுப்பட்டவன் குளிப்பது ஏழாம் நாளில். ஐரோப்பா ஆயிரம் வருஷத்துக்கு மேல் இந்த அதிகாரத்தைக் கையில் வைத்திருந்தும் அந்த மருத்துவர்கள் கைகழுவாததற்கு அவிசுவாசம் காரணமல்ல. அந்த அதிகாரம் பேசுவது வேறு விஷயம்.

அப்படியானால் சட்டத்தில் உடல்நலத்துக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, மறைக்கக் கூடாது. பாளயத்துக்கு வெளியே ஒரு இடம் இருக்கட்டும், ஆயுதங்களோடு ஒரு சிறுகோலும் வைத்துக்கொள், மண்ணைத் தோண்டி மலத்தை மூடிப்போடு என்கிறது உபாகமம் 23. ஒரு படை முகாமுக்கு இதைவிட நல்ல விதி இன்றும் கிடையாது. செத்த எலியோ ஓணானோ விழுந்த மண்பாத்திரத்தை உடைத்துவிடச் சொல்கிறது லேவியராகமம் 11. பிணம் கிடந்த வீட்டில் மூடாமல் திறந்திருந்த பாத்திரம் தீட்டு. பிரமியம் (உடலிலிருந்து ஓயாத ஒழுக்கு) உள்ளவன் சுகமானபின் ஊற்றுநீரில் குளிக்க வேண்டும். இப்படி வாழ்ந்த ஜனத்துக்கு உடம்பில் நன்மை உண்டாகியிருக்கும் என்று நானும் நம்புகிறேன். ‘நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்’ என்றவர் தம் ஜனத்தின் உடம்பைக் குறித்து அக்கறையில்லாதவர் அல்ல. ஆனால் சிறுகோல் விதிக்குக்கூட வேதம் கொடுக்கும் காரணம் வேறு: கர்த்தர் உன் பாளயத்தின் நடுவே உலாவுகிறார். நன்மை பக்கத்தில் வந்து சேர்ந்தது.

இப்போது மாற்கு 7. சீஷர்கள் கழுவாத கையோடு அப்பம் சாப்பிட்டார்கள் என்று பரிசேயர் குற்றம் பிடிக்கிறார்கள். சாதாரண இஸ்ரவேலன் சாப்பிடுமுன் கைகழுவ வேண்டும் என்று மோசேயின் சட்டம் எங்கும் சொல்லவில்லை. வெண்கலத் தொட்டியில் கைகால் கழுவச் சொன்னது ஆசாரியர்களுக்கு, கூடாரத்துக்குள் போகும்போது. அந்த ஆசாரிய ஒழுங்கை ஒவ்வொரு வீட்டுப் பந்திக்கும் கொண்டுவர வேண்டும் என்பது முன்னோர்களின் பாரம்பரியம். நோக்கம் உயர்ந்ததுதான், பரிசேயரை நாம் கேலி செய்ய வேண்டாம். அந்தக் காலத்து யூதேயாவிலும் கலிலேயாவிலும் சுண்ணாம்புக் கல்லில் குடைந்த குவளைகளும் சாடிகளும் நிறையத் தோண்டி எடுக்கப்பட்டுள்ளன. கல் தீட்டுப்படாது என்பது அவர்கள் முடிவு. கானா ஊர்க் கல்யாணத்தில் தண்ணீர் ரசமான ஆறு கற்சாடிகளும் யூதரின் சுத்திகரிப்பு முறைமைக்காக வைத்தவை என்று யோவான் குறிப்பிடுகிறார். கையில் அழுக்கே இல்லாவிட்டாலும் அப்படிக் கழுவ வேண்டும். மூழ்கிக் குளிக்கும் தீட்டுக் குளங்களும் அப்படித்தான். உடம்பில் ஒட்டியிருக்கும் அழுக்கை முதலில் நீக்கிவிட்டே குளத்தில் இறங்க வேண்டும் என்பது ரபீக்களின் விதி. அழுக்கு நீங்குவது ஒன்று, தீட்டு நீங்குவது மற்றொன்று என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. குழப்பம் நமக்குத்தான்.

எனவே இயேசு சொன்னது சோப்பைப் பற்றியது அல்ல. மனுஷனைத் தேவனுக்கு முன்பாகத் தீட்டாக்குவது வாய்க்குள் போவதா, இருதயத்திலிருந்து புறப்படும் விபசாரம், களவு, பொருளாசை, பெருமையா என்பதே அங்கே விவாதம். கைகழுவாதே என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. தன் வீட்டுக்கு அழைத்துவிட்டுக் கால்கழுவத் தண்ணீர் தராத சீமோனிடம் அவர் அதைச் சொல்லிக் காட்டினார். பிறகு மேல்வீட்டறையில் தாமே தொட்டியில் தண்ணீர் வார்த்துப் பன்னிரண்டு பேரின் கால்களையும் கழுவினார்.

அவர் தீட்டை நடத்திய விதம் இன்னும் பெரிய விஷயம். தொழுநோயாளி என்று நாம் வாசிக்கும் மனுஷனைக் கைநீட்டித் தொடுகிறார், பிறகு மோசே கட்டளையிட்டபடி ஆசாரியனிடம் போய்க் காண்பி என்று அனுப்புகிறார் (மாற்கு 1). சட்டத்தை அவர் எள்ளி நகையாடவில்லை. பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள ஸ்திரீ கூட்டத்துக்குள் வந்து அவர் வஸ்திரத்தைத் தொட்டாள். லேவியராகமத்தின்படி பார்த்தால் தீட்டு அவளிடமிருந்து அவருக்குப் போயிருக்க வேண்டும். எதிர்த்திசையில் நடந்தது: அவரிடமிருந்து வல்லமை அவளுக்குப் போனது. அவளை அவர் கடிந்துகொள்ளவில்லை, ‘மகளே’ என்று கூப்பிட்டார். பிறகு யோப்பாவில் பேதுரு தரிசனம் கண்டு, எந்த மனுஷனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக்கூடாதென்று தேவன் எனக்குக் காண்பித்தார் என்கிறான் (அப்போஸ்தலர் 10:28). விலங்குகளைப் பார்த்தவன் மனுஷரைப் பற்றிப் புரிந்துகொண்டான்.

இதை நம் சபைகள் முழுசாக வாங்கிக்கொள்ளவில்லை என்பது என் ஆதங்கம். மாதவிலக்கு என்பதற்காகத் திருப்பந்திக்கு எழுந்துபோகாமல் பெஞ்சிலேயே தலைகுனிந்து உட்காரும் பெண்பிள்ளைகளை இன்றும் பார்க்கிறேன். யாரும் வாய்விட்டுத் தடுப்பதில்லை, பாட்டி சொன்னது, அம்மா சொன்னது, அப்படியே வருகிறது. இது புதிய கேள்வியும் அல்ல. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா பேராயர் தியோனீசியு அந்த நாட்களில் பெண்கள் நற்கருணையை அணுகக்கூடாது என்றே எழுதினார். ஆனால் ரோமின் போப் முதலாம் கிரகோரி இங்கிலாந்துக்கு அனுப்பிய பதில்கள் என்று ஆங்கிலத் துறவி பீட் தம் திருச்சபை வரலாற்றில் பதிவுசெய்திருப்பவை வேறு திசையில் போகின்றன: மாதவிலக்கு இயற்கையாக வருவது, குற்றமல்ல, அந்த நாட்களில் தேவாலயத்துக்கு வருவதையோ நற்கருணை வாங்குவதையோ தடுக்கக்கூடாது, பிள்ளை பெற்ற அந்த நேரத்திலேயே ஒரு தாய் நன்றிசொல்ல ஆலயத்துக்கு வந்தாலும் பாவமில்லை. ஆதாரமாக அவர் காட்டுவது அந்தப் பெரும்பாடுள்ள ஸ்திரீயைத்தான். நோயோடிருந்தவள் கர்த்தரின் வஸ்திரத்தைத் தொடலாமென்றால், இயற்கையின்படி இரத்தம் போகிறவள் ஏன் வரக்கூடாது? பயபக்தியினால் ஒருத்தி தானாக விலகியிருந்தால் அதை மெச்சலாம் என்றும் அவர் சொல்லியிருப்பது உண்மை. ஆனால் தடுக்க நமக்கு அதிகாரமில்லை.

உடல் சுத்தத்தில் கிறிஸ்தவ வரலாறு பெருமைப்படத்தக்கதாகவே இருந்தது என்று சொல்ல முடியாது. கிறிஸ்துவுக்குள் ஒருமுறை கழுவப்பட்டவன் மறுபடி கழுவத் தேவையில்லை என்று ஜெரோம் ஒரு கடிதத்தில் எழுதினார். பெனெடிக்டின் ஒழுங்கு நோயாளிகளுக்கு வேண்டிய மட்டும் குளியலை அனுமதித்து, திடகாத்திரமான இளந்துறவிகளுக்கு அதை அருமையாக்கியது. உடம்பைச் சீராட்டுவது ஆசையை வளர்க்கும் என்ற பயம் அவர்களுக்கு. ஆனால் ஜெரோமின் காலத்திலேயே செசரியாவில் பேராயர் பசீலியு நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் ஒரு பெரிய இல்லத்தையே எழுப்பினார். தொழுநோயாளிகளை அவர் சகோதரர்களாக அணைத்துக்கொண்டதை அவருடைய நண்பர் நசியான்சு கிரகோரி அடக்க உரையில் புகழ்கிறார். என் கண்ணில் ஜெரோமின் வரியைவிட பசீலியுவின் அந்த இல்லம் சுவிசேஷத்துக்கு நெருக்கமானது.

நம் மண்ணில் அந்த வழியில் நின்றவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் மிஷனரி குடும்பத்தில் 1914இல் பிறந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர். தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் புண்ணாகித்தான் தேய்கின்றன என்று நிறுவினார். மடங்கிப்போன விரல்களில் தசைநாண்களை மாற்றிப் பொருத்தித் திரும்ப வேலைசெய்ய வைத்தார். ஆசாரியன் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன கையை இவர் பிடித்துத் தைத்தார்.

‘சுத்தம் தெய்வபக்திக்கு அடுத்தது’ என்ற வாக்கியமும் கேள்விக்குள் அடங்கும். அது வேத வசனம் அல்ல. ஆங்கிலத்தில் பரவியது ஜான் வெஸ்லியின் உடை பற்றிய பிரசங்கத்திலிருந்து. நல்ல வாக்கியம்தான், ஆனால் வசனமாகச் சொல்லாதீர்கள். உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்ற 1 கொரிந்தியர் 6:19ஐயும் குளியலுக்கு எடுப்பார்கள். பவுல் அங்கே வேசித்தனத்தைப் பற்றிப் பேசுகிறார்.

விசுவாசமுள்ளவன் நோய்க்குப் பயந்து ஒதுங்கலாமா என்பதற்கு நான் வாசித்தவற்றில் நேரான பதில் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதியது. 1527இல் விட்டன்பெர்க் நகரில் பிளேக் பரவியபோது அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. நோயாளிகள் அவர் வீட்டிலேயே கிடந்தார்கள். அப்போது எழுதினார்: தேவன் காக்கும்படி ஜெபிப்பேன், பிறகு வீட்டுக்குப் புகைபோடுவேன், மருந்து கொடுப்பேன், நானும் சாப்பிடுவேன், நான் தேவைப்படாத இடத்துக்குப் போகமாட்டேன், என் அஜாக்கிரதையால் இன்னொருவன் சாகக்கூடாது, ஆனால் அயலானுக்கு நான் வேண்டுமென்றால் தயங்காமல் போவேன். மருந்தை ஒதுக்கிவிட்டுக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பவர்கள் தேவனைச் சோதிக்கிறார்கள் என்றும் கண்டித்தார். அவருக்குக் கிருமி தெரியாது. குஷ்டமுள்ளவனை ஊருக்கு வெளியே வைத்த பழைய ஏற்பாட்டு விதியை அவரும் தொற்றுத் தடுப்பாகவே எடுத்துக்காட்டினார், அந்த இடத்தில் நான் அவரோடு உடன்படவில்லை. ஆனால் அயலான் செத்துவிடக்கூடாது என்ற அவருடைய காரணமே போதுமானது.

ஆகவே சகோதரரே, சாப்பிடுமுன் கழுவுங்கள், பந்தியில் பரிமாறுகிறவர் கட்டாயம் கழுவட்டும். திருவிருந்துக் கிண்ணத்தை எடுக்கும் போதகரும் கழுவட்டும். காய்ச்சலும் இருமலும் உள்ளவர் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கலாம். அவர் தீட்டுப்பட்டவர் அல்ல, பக்கத்தில் உட்காரும் வயதானவரை நினைத்து இருக்கிறார். அப்பமும் ரசமும் அவரைத் தேடிப் போகட்டும். வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் கொண்டுபோனதை 2ஆம் நூற்றாண்டிலேயே சபை எழுத்தாளர் ஜஸ்டின் எழுதியிருக்கிறார். மாதவிலக்கில் இருக்கும் பெண் வீட்டில் இருக்கக் காரணமே இல்லை. அவள் எல்லாரோடும் எழுந்து திருப்பந்திக்கு வரலாம்.